ஒரு வரி அட்டைகள்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு இவாஞ்சலின் முன் நீட்டப்பட்ட அனுமதிச் சீட்டில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் குழிக்குள் இறங்குபவரின் பெயர்: அந்தோணி. மூன்றாம் கட்டத்தில் இறங்கும் நேரம்: பிற்பகல் மூன்று இருபது. நடுக்கட்டத்தில் வாயு அளவு எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வாயுவை அளக்கும் கருவி பழுதுபார்க்கச் சென்னைக்குப் போய் ஒன்பது நாள்களாகியும் திரும்பவில்லை. ஆகவே மேற்பார்வையாளர் பிரேம்நாத் அந்தக் கட்டத்தில் ‘நாற்றம் இல்லை’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே ஆய்வகத்தின் கையெழுத்து ஒன்று வேண்டும் என்றார்.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டி அமைந்த அந்தத் தோல் பதனிடும் ஆலையில் இவாஞ்சலின் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆய்வக உதவியாளர். குழி என்று எல்லோரும் சொன்னது, ஆலையின் பின்புறத்தில் கழிவுநீர் தங்கிச் செல்லும் பதினான்கடி ஆழத் தொட்டியை. அதன் அடியிலிருந்த பம்பைச் சேறு அடைத்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளர் சார்பில் ஆலையைப் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் பம்பு ஓடியாக வேண்டும். ஓட வேண்டுமானால் ஒருவர் இறங்கிச் சேற்றை விலக்க வேண்டும்.

பேனாவை எடுப்பதற்கு முன் இவாஞ்சலின் அருகில் நின்ற அந்தோணியிடம் ஒன்று கேட்டார். குழியில் இப்போது எப்படி இருக்கிறது?

“மூங்கி கழிய உட்டுக் கலக்கினேங்க்கா. மொதல்ல கொடல பெரட்டுச்சு. கலக்கக் கலக்க நாத்தம் சுத்தமா போய்டுச்சு. கண்ணுதான் லேசா எரியுது,” என்ற அந்தோணி, புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு சிரித்தான். “நீங்களே வியாழக்கெழம போர்டுல எழுதினீங்க இல்ல, அழுவின முட்டை நாத்தம் அடிச்சா அந்த கேஸுன்னு? முட்டையும் இல்ல, கோழியும் இல்ல. கையெழுத்தப் போடுங்க.”

இவாஞ்சலினும் சிரித்தார். கையெழுத்தைப் போட்டார்.

அந்தோணி குறிப்பிட்ட கரும்பலகை ஆலையின் நுழைவாயிலில், வருகைப் பதிவு செய்யும் டைம் ஆபீசின் சுவரில் தொங்கியது. நாள்தோறும் காலையில் இவாஞ்சலின் அதில் ஓர் அறிவியல் கேள்வி எழுதுவார். மாலையில் விடையை எழுதுவார். பிறந்த குழந்தைக்கு எலும்புகள் அதிகமா, பெரியவருக்கு அதிகமா? எந்தக் கோளில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளமானது? சுறா மீனின் உடலில் எத்தனை எலும்புகள்? வேலை முடிந்து போகிறவர்கள் அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போய் வீட்டில் பிள்ளைகளிடம் கேட்பார்கள். அந்தோணி கேட்பதோடு நிற்கமாட்டான். ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் என்று எழுதிய அன்று, காதலி கைவிட்டால் அதற்கு எத்தனை உடையும் என்று ஆய்வக வாசலில் வந்து நின்றான். அதற்கு விடை தன்னிடம் இல்லை என்று இவாஞ்சலின் சொன்னதை அவன் ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

ஆசிரியர் ஆக வேண்டும் என்பதே இவாஞ்சலினுடைய விருப்பமாக இருந்தது. வேலூரில் இயற்பியல் படித்து முடித்த ஆண்டில் தந்தை பக்கவாதத்தில் விழுந்தார். ஓராண்டுக்கு மட்டும் என்று ஆலையில் சேர்ந்தவர், தோல் ஊறிய நீரில் உப்பையும் அமிலத்தையும் அளந்துகொண்டே நாற்பத்தாறு வயதை அடைந்துவிட்டார். கற்பிக்கக் கிடைக்காத வகுப்பறையை அவர் அட்டைகளில் சேர்த்துவைத்தார். ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி, பின்புறத்தில் ஒரு வரி விடை. ஊரில் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. வெற்றுக் காலணிப் பெட்டிகளுக்கும் பஞ்சமில்லை. விலங்கு, தாவரம், வானம், உடல், வேதிப்பொருள் என்று பதினொரு பெட்டிகள் நிறைந்திருந்தன. வேலூர் மருத்துவமனை ஒன்றில் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் கணவர் நத்தானியேல், இந்த வீட்டுக்குள் புகும் திருடன் பதினொரு ஜோடி ஷூவுக்கு ஆசைப்பட்டு ஏமாறப் போகிறான் என்பார்.

அந்த அட்டைகளுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. விடை ஒரு வரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் போட்டி மேடையில் தகராறு வரும்; பாதி சொன்ன பிள்ளைக்குப் பாதி மதிப்பெண் கேட்டுப் பெற்றோர் வருவார்கள். ஆம்பூர்ப் பள்ளி ஒன்றில் பதினேழு ஆண்டுகளாக நடந்துவந்த அறிவியல் வினாடி வினாவில் ஒருமுறைகூட விடை குறித்துச் சச்சரவு எழுந்ததில்லை. அதற்குக் காரணம் அந்த ஒரு வரிச் சட்டம்தான் என்று இவாஞ்சலின் உறுதியாக நம்பினார்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் அதன் இறுதிச் சுற்று. கேள்விகளைப் படித்தவர் அறிவியல் ஆசிரியர் ஜெபராஜ். மேடையின் ஓரத்தில், அட்டைகளை முன்னால் அடுக்கிவைத்துக்கொண்டு, விடையின் சரி தவற்றைத் தீர்க்கும் இடத்தில் இவாஞ்சலின் உட்கார்ந்திருந்தார். ஆம்பூர் அணியும் வாணியம்பாடி அணியும் சமமாக நின்றன. மின்னலின் வெப்பம் சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம் என்று வாணியம்பாடி மாணவன் தானிஷ் சொன்னபோது அரங்கு கைதட்டியது. ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீரல்ல, கொழுப்பு என்று ஆம்பூர் மாணவன் நெல்வின் அதை ஈடுகட்டினான். சுவர்க் கடிகாரம் மூன்று மணி ஏழு நிமிடம் காட்டியது. எஞ்சியிருந்தது ஒரே அட்டை.

ஜெபராஜ் அதைப் படித்தார். ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஆபத்தான அளவில் இருப்பதை எதைக் கொண்டு அறியலாம்?

வாணியம்பாடி அணியின் மாணவி உமைமா முதலில் மணியை அழுத்தினாள். கருவியைக் கொண்டுதான் அறிய முடியும், நாற்றத்தைக் கொண்டு அறிய முடியாது என்றாள். ஜெபராஜ் அட்டையின் பின்புறத்தைப் பார்த்து, விடை தவறு என்று அறிவித்தார். அழுகிய முட்டையின் நாற்றம் என்பதே சரியான விடை. கைதட்டல் எழுந்தது. உமைமா உட்காரவில்லை.

“சார், கம்மியா இருந்தாதான் முட்டை நாத்தம் வரும். ஜாஸ்தியாச்சுன்னா மூக்கு மரத்துப் போய்டும். நாத்தமே தெரியாது.”

யாரோ சிரித்தார்கள். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று ஜெபராஜ் கேட்டார். உமைமாவின் தாய் ஜஹீருன்னிசா வாணியம்பாடியில் செவிலியர்.

“எங்கம்மா வார்டுல பொழச்சவங்க சொன்னது சார். மொதல்ல நாறிச்சாம். அப்பறம் நாத்தம் போய்டுச்சாம். அது போனதாலதான் எறங்குனோம்னு சொன்னாங்களாம்.”

ஜெபராஜ் தீர்ப்புக்காக இவாஞ்சலின் பக்கம் திரும்பினார். அவர் அட்டைகளைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணி ஒன்பது நிமிடம். கலக்கக் கலக்க நாத்தம் சுத்தமா போய்டுச்சு. கண்ணுதான் லேசா எரியுது.

சேற்றைக் கலக்கினால் அதில் அடைபட்ட வாயு வெளியேறும். வெளியேறினால் நாற்றம் கூட வேண்டும், குறையாது. இதை அறிய ஓர் அட்டையும் தேவைப்பட்டிருக்கவில்லை. கூடியிருக்க வேண்டிய நாற்றம் இல்லாமல் போயிற்று என்று ஒருவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். அவர் அதன் கீழே கையெழுத்திட்டார். பதினொரு நிமிடங்களில் அவன் இறங்குவான்.

“சிஸ்டர், சரியா தப்பா?” என்று ஜெபராஜ் இவாஞ்சலினை ஒலிபெருக்கியிலேயே கேட்டார்.

“அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி,” என்று சொல்லி எழுந்த இவாஞ்சலின், மேசைக்கடியிலிருந்த கைப்பையைத் தூக்கிக்கொண்டு மேடையின் பக்கவாட்டுப் படிகளில் இறங்கினார். பின்னால் ஆம்பூர்ப் பெற்றோர் எழுந்து கேட்ட கேள்விகள் எதுவும் அவர் காதில் விழவில்லை.

தாழ்வாரத்தில் நின்று கைப்பேசியை உயிர்ப்பித்தார். அது விழித்தெழ எடுத்துக்கொண்ட நேரத்தில் அவர் மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிரேம்நாத்தின் எண் ஒலித்து ஒலித்து ஓய்ந்தது. மறுமுறையும் அப்படியே. குழியருகில் மோட்டார் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அந்தோணியை அழைப்பதில் பயனில்லை. உள்ளே வேலைக்குப் போகிறவர்கள் கைப்பேசியை டைம் ஆபீஸ் அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அலுவலகம் சனிக்கிழமை ஒரு மணியோடு மூடப்படும். மிஞ்சியது டைம் ஆபீஸ் தொலைபேசி. முதல் முறை அது வேறு அழைப்பில் இருந்தது. இரண்டாம் முறையும் இருந்தது. மூன்றாம் முறை காவலர் அஹமது பாஷா எடுத்தார். மணி மூன்று பதினைந்து.

“பாஷா பாய், அந்தோணி எறங்கிட்டானா?”

“எனக்கு இங்கேர்ந்து இன்னா தெரியும் மேடம்? பத்து நிமிஷம் முன்னாடி கயிறு எடுத்துக்கினு போனான்.”

“போய் நிறுத்துங்க. குழி பூரா கேஸு.”

“நாத்தம் இல்லன்னானே.”

“அதான் பாய் ஆபத்து. ஓடுங்க.”

பாஷாவுக்கு அறுபத்தொரு வயது. இரு முழங்கால்களும் தேய்ந்தவை. நுழைவாயிலிலிருந்து குழிக்கு, காயும் தோல்களையும் சுண்ணாம்புத் தொட்டிகளையும் சுற்றிக்கொண்டு, அரைக் கிலோமீட்டருக்குக் குறையாது. தான் போய்ச் சேர்வதற்குள் அவன் இறங்கி வேலையே முடித்திருப்பான் என்று அவர் மெதுவாகச் சொன்னார். வாயிலில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

“அப்ப சங்கு ஊதுங்க,” என்றார் இவாஞ்சலின்.

ஆலையின் சங்கு காலை ஏழு மணிக்கும் பகல் ஒன்றுக்கும் மாலை ஐந்துக்கும் ஊதும். அது ஊதினால் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் டைம் ஆபீசுக்கு நடப்பார்கள். சுழலும் பீப்பாய்களை நிறுத்துவார்கள். எங்கே இறங்கியிருந்தாலும் ஏறி வருவார்கள். வேளை தவறி அது ஊதுவது யாருக்காவது விபத்து நேர்ந்தால் மட்டுமே. அதற்கும் மேலாளர் வாய்திறந்து சொல்ல வேண்டும். பாதியில் நின்ற பீப்பாய்களில் தோல் கெட்டுப்போகும் என்பதால் அந்த விதி இரும்பாக இருந்தது.

“மேனேஜர் சொல்லாம ஊதினேன்னா, நாளைக்கி இந்தச் சேர்ல வேற ஆளு உக்காந்திருப்பான் மேடம்.”

“நான் சொன்னேன்னு ரெஜிஸ்டர்ல எழுதுங்க. நேரம் போட்டு என் பேர எழுதுங்க. எழுதறத அப்பறம் எழுதிக்கலாம், மொதல்ல ஊதுங்க பாய்.” உடனே இன்னொன்றும் சொன்னார். “யாராவது உள்ள விழுந்திருந்தா, தூக்குறேன்னு இன்னொருத்தர் எறங்கக் கூடாது. அத மட்டும் கத்திச் சொல்லுங்க. ஃபயர் சர்வீஸுக்கு நான் சொல்லிடறேன்.”

பாஷா ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. சாவிக்கொத்து குலுங்கியது, ஒரு சாவி பூட்டில் சேராமல் வெளியே வந்தது, இன்னொன்று சேர்ந்தது. அதன்பின் கைப்பேசிக்குள் சங்கு அலறியது.

பள்ளிக்கும் ஆலைக்கும் நேர்க்கோட்டில் மூன்று கிலோமீட்டர். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ முந்நூற்று நாற்பது மீட்டர் செல்லும்: ஏழாம் பெட்டி, மஞ்சள் அட்டை. இவாஞ்சலின் தன்னையறியாமல் எண்ணினார். ஒன்பது என்று எண்ணி முடிக்கும்போது அதே சங்கு, மெலிந்து, பள்ளியின் கூரைகளுக்கு மேலாக வந்து சேர்ந்தது. அந்தோணியின் காதில் அது விழ இரண்டு நொடிகூட ஆகியிராது. விழும் நிலையில் அவன் இருக்கிறானா என்பதைத்தான் எந்த அட்டையும் சொல்லவில்லை.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தார். நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழே லாரி ஒன்று குறுக்கே நின்று பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இறங்கிப் போய்க் கத்திவிட்டு வந்தார். சங்கு நின்றுவிட்டது. நின்றது ஏன் என்று எண்ணாமலிருக்க இவாஞ்சலின் முயன்றார். அந்தோணியின் மனைவி அம்பிகா அதே ஆலையில் தோலுக்கு உப்பிடும் பிரிவில் இருந்தாள். அவளும் இப்போது டைம் ஆபீசுக்கு நடந்துகொண்டிருப்பாள். யாருக்கு என்ன ஆயிற்று என்று மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நுழைவாயிலில் இருநூறு பேர் நின்றார்கள். கைகளில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. எல்லோரும் பாஷாவைச் சுற்றி நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அவர் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மேடம் வரட்டும், மேடம் வரட்டும் என்றார். இவாஞ்சலினின் பார்வை முகங்களின் மேல் ஓடியது. அம்பிகா நின்றாள். அந்தோணி இல்லை. பிரேம்நாத்தும் இல்லை.

அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்புறம் ஓடினார். அம்பிகாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் பின்னால் ஓடிவந்தாள்.

குழிக்கு இருபதடி தள்ளி, காய்ந்த தோல் கட்டுகளில் சாய்ந்தபடி அந்தோணி தரையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் வாந்தி. பிரேம்நாத் அவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சங்கு ஊதியபோது அவன் இரும்புப் படிகளில் நான்காவதில் இருந்தான் என்று அவர் சொன்னார்.

அந்தோணி நிமிர்ந்து பார்த்தான். கண்கள் இரத்தமாகச் சிவந்திருந்தன. “மணி ஆவலியே, இன்னாடா சங்கு ஊதுதுன்னு நெனச்சேன்,” என்றான். “எவனுக்கோ ஏதோ ஆயிடுச்சுன்னு பாக்கத்தான் ஏறுனேங்க்கா. மேல வந்ததும் காலு நிக்கல. யாருக்கு இன்னா ஆச்சு?”

அம்பிகா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்ததையே மீண்டும் மீண்டும் துடைத்தாள்.

தீயணைப்பு வீரர்கள் தங்கள் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். ஆறடி இறங்குவதற்குள் அது கூவத் தொடங்கியது. பத்தடியில் எண் காட்டுவதை நிறுத்திவிட்டது. அதன் அளவுகோலுக்கு மேல் போய்விட்டது என்று பொருள். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில்தான் தேங்கியிருக்கும் என்று தீயணைப்பு அலுவலர் விளக்கினார். முந்தைய நாள் அமிலக் கழிவு வாய்க்கால் உடைந்து, அந்த அமிலம் சுண்ணாம்புத் தொட்டிகளின் சல்பைடு கலந்த கழிவோடு குழியில் சேர்ந்து வாயுவைக் கிளப்பியிருந்தது பின்னர் தெரியவந்தது. குழியின் வாயருகே குனிந்து பார்த்த ஒரு தொழிலாளி, ஒன்றும் நாறவில்லையே என்று முணுமுணுத்தார். அலுவலர் அவரைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

மருத்துவமனைக்குக் கிளம்பிய வண்டியில் ஏறும்போதுதான் அந்தோணிக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். கோபமில்லாமல், கணக்கில் பிழை கண்டவனைப் போல, “முட்டை நாத்தம்னு நீங்கதானேக்கா எழுதினீங்க?” என்று கேட்டான்.

“நான்தான் எழுதினேன்,” என்றார் இவாஞ்சலின்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்கு வந்து ஐந்தாம் பெட்டியைத் திறந்தார். அந்த அட்டையைத் தயாரித்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அட்டைக்கு முன்னோடியான குறிப்பேடுகளை அவர் எறிவதில்லை. பரணிலிருந்து நத்தானியேல் இறக்கிக்கொடுத்த கட்டுக்குள் உரிய ஆண்டின் குறிப்பேட்டைத் தேடி எடுத்தார். பக்கத்தின் நடுவே அவருடைய கையெழுத்திலேயே அது இருந்தது. ‘அழுகிய முட்டை நாற்றம் உடையது. அளவு மிகும்போது நுகரும் உணர்வு மரத்துவிடுவதால் நாற்றம் தெரியாது.’ இரண்டாவது வாக்கியத்தின் மேல் பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில், தமக்கே எழுதிக்கொண்ட குறிப்பு: ‘நீளம்.’

நத்தானியேல் அதைப் படித்தார். பிற்பகல் முழுவதும் இருவரும் பதினொரு பெட்டிகளையும் குறிப்பேடுகளோடு ஒப்பிட்டார்கள். கோடு போட்ட வாக்கியங்கள் நூற்று முப்பதுக்கு மேல் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை யாரையும் கொல்லக்கூடியவை அல்ல. இருந்தாலும் இவாஞ்சலின் அவற்றுக்குரிய அட்டைகளைத் தனியே எடுத்துவைத்தார்.

அன்று மாலையே ஜெபராஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். அட்டையின் விடை குறையுடையது. உமைமாவின் விடை முழுமையானது. கோப்பை வாணியம்பாடிக்கு உரியது. ஒரு விடையைக் குறித்து அந்தப் போட்டியில் எழுந்த முதல் சச்சரவு அதுவாயிற்று. ஆம்பூர்ப் பெற்றோர் சிலர் இன்றும் அதை ஏற்கவில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளர் சார்பிலான வருகை தள்ளிப்போன அந்தத் திங்கட்கிழமை, மேலாளரின் மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில், ‘நாற்றம் இல்லை’ என்பதன் கீழே இவாஞ்சலினின் கையெழுத்து. மற்றொன்று பாஷாவின் பதிவேட்டுப் பக்கம்: ‘3.17, இவாஞ்சலின் மேடம் சொல்லி சங்கு.’ இரண்டுக்கும் விளக்கம் கேட்கப்பட்டது. முதலாவதற்கு அவர் ஒரே வாக்கியம் எழுதினார்: எண் இல்லாத கட்டத்தில் கையெழுத்திட்டது என் குற்றம். இரண்டாவதற்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை. பிரேம்நாத்துக்கும் அவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பாஷாவின் நாற்காலியில் பாஷாவே உட்கார்ந்திருந்தார். கருவி இல்லாமல் குழியைத் திறக்கக் கூடாது என்ற ஆணை வந்தது. ஆணையில் காரணம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. ஆகவே காரணத்தை இவாஞ்சலின் கரும்பலகையில் எழுதினார். ஐந்து வரிகள் ஆயிற்று. ‘வியாழக்கிழமை விடையில் பாதியை விட்டுவிட்டேன்’ என்பது முதல் வரி.

மூன்று வாரங்கள் கழித்துக் கருவி வந்தது. உறிஞ்சும் லாரி சேற்றை எடுத்துப்போயிருந்தது. இரண்டு நாள்களாகக் குழிக்குள் காற்றை ஊதும் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பம்பைச் சரிசெய்ய அந்தோணியே வந்தான். வேறு ஆளை அனுப்பலாம் என்று பிரேம்நாத் சொன்னதற்கு, அந்தக் குழியோடு தனக்கு ஒரு பாக்கி இருக்கிறது என்றான்.

இவாஞ்சலின் கயிற்றில் கருவியை இறக்கினார். ஐந்தடி, பத்தடி, பதினான்கடி. ஒவ்வோர் இடத்திலும் முழுதாக இரண்டு நிமிடம் நிறுத்தினார். மேலே தூக்கியபோது அந்தோணி அதை அவர் கையிலிருந்து வாங்கித் தானே பார்த்தான். அது பதிந்துவைத்திருந்த மூன்று அளவுகளையும் தானே படித்துச் சொன்னான். அனுமதிக்கப்பட்ட எல்லைக்குக் கீழேயிருந்த அந்த எண்களை அவர் சீட்டின் நடுக்கட்டத்தில் எழுதினார்.

பக்கத்தில் நின்ற புதிய தொழிலாளி ஒருவர், மூக்கைச் சுளித்துக்கொண்டு, லேசாக முட்டை நாற்றம் அடிக்கிறதே என்றார்.

“அடிச்சா அடிக்கட்டும்,” என்றான் அந்தோணி, கயிற்றை இடுப்பில் இறுக்கியபடி. “இன்னும் ஒரு வாட்டி உட்டுப் பாருங்கக்கா.”

இவாஞ்சலின் கருவியை மறுபடியும் இறக்கினார்.